சிறு குறியும் பேசும்

எண்ணூர் நெடுஞ்சாலை வழியாகப் பள்ளிக்கு வரும் நாம் நாள்தோறும் எத்தனையோ படங்களைக் கடந்து வருகிறோம். துறைமுகத்துக்குப் போகும் சரக்குப் பெட்டியில் கண்ணாடிக் கோப்பை வரைந்திருந்தால் ‘உடையும் பொருள்’ என்று பொருள். குடை வரைந்திருந்தால் ‘நனையக் கூடாது’. டாங்கர் லாரியின் பின்புறம் சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் இருந்தால் ‘எளிதில் தீப்பற்றும்’. அதே சுடரின் அடியில் ஒரு வட்டம் சேர்ந்துவிட்டால், ‘பிற பொருள்களை எரியத் தூண்டும்’ என்று பொருளே மாறிவிடுகிறது. நம் தமிழிலும் ‘பல’ என்று எழுதி, லகரத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ‘பல்’ ஆகிவிடுகிறதல்லவா? சிறு குறிதான், ஆனால் அது செய்யும் வேலை பெரிது.

இதை நாங்கள் உணர்ந்தது ஒரு வீட்டில். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் பேச இயலாத சிறுமி ஒருத்தி இருக்கிறாள். சோறு, தண்ணீர், கட்டில், அம்மா எனச் சில படங்கள் ஒட்டிய அட்டையே அவளுக்கு வாய். ஒருநாள் அவள் தண்ணீர்ப் படத்தை விடாமல் தொட்டுக் காட்டினாள். டம்ளரில் தண்ணீர் கொடுத்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீண்டும் கொடுத்தோம், அழுதாள். பிடிவாதம் என்றோம். தண்ணீர் லாரி வந்து போய்விட்டதைச் சன்னலோரம் இருந்த அவள் ஒருத்தியே பார்த்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது! ‘வந்தது’ என்று சொல்ல அவள் அட்டையில் இடமில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கும் எழுத்து ஒன்று உலகில் உண்டு. நாஜிகளின் வதை முகாம்களிலிருந்து விடுதலையாகி, ஷாங்காய் நகரில் சீன எழுத்துகளைக் கண்டு வியந்த சார்லஸ் பிளிஸ் என்பவர், ஆஸ்திரேலியாவில் குடியேறி 1949-இல் ஒரு பட எழுத்து முறையை வெளியிட்டார். அதில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தால் கண். அதன்மேல் சிறு கூரை போன்ற குறியிட்டால் ‘பார்’ என்னும் வினை. கூரைக்குப் பதில் ஒரு வளைகோடு இட்டால் ‘பார்த்த’ செயல். அந்தக் கோட்டை எதிர்ப்புறம் வளைத்தால் ‘பார்க்கப் போகும்’ செயல். பெருக்கல் குறி இட்டால் பன்மை. இதயம் என்றால் உணர்ச்சி. அதனுடன் மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் துயரம். 1971-இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஷெர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியை, மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத குழந்தைகளுக்கு இதைக் கற்பித்தார். அவர்கள் விரலாலும் விழியாலும் வாக்கியங்கள் அமைத்தனர்.

நம் சென்னையிலும் 1985-இல் தொடங்கிய வித்யா சாகர் போன்ற நிறுவனங்கள் இத்தகைய குழந்தைகளுக்காக உழைத்து வருகின்றன. படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ‘ஆவாஸ்’ என்ற கருவியும் இந்நகரில் உருவானதே.

“சிறு குழந்தைக்கு இத்தனை குறிகள் எதற்கு? பசித்தால் சோற்றைக் காட்டினால் போதாதா?” என்று கேட்போர் உண்டு. போதாது என்பதே எங்கள் கருத்து. படம் மட்டும் இருந்தால் கேட்கத்தான் முடியும். ‘நேற்று’, ‘இல்லை’, ‘ஏன்’ என்னும் குறிகள் இருந்தால்தான் நடந்ததைச் சொல்லவும், மறுக்கவும், வினவவும் முடியும். மறுக்க வழியில்லாத பிள்ளையைப் பிடிவாதக்காரி என்பது நியாயமாகுமா? இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை நாம் சிறு வயதில் கற்கவில்லையா?

நாவடைபட்ட செக்கரியா எழுதுபலகையைக் கேட்டு வாங்கித் தம் மகனின் பெயரை எழுதியதை நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர் கேட்டது உணவையன்று, சொல்லையே.

ஆகவே, தோழியரே, வரும் ஆண்டில் நம் கைவேலை வகுப்பில், பயிற்சி பெற்றோரின் துணையுடன், சிறு குறிகளும் சேர்ந்த பட அட்டைகளைச் செய்து தருவோம். அருட்சகோதரிகளும் பெற்றோரும் வழிகாட்ட வேண்டுகிறோம். அட்டை செய்தால் மட்டும் போதாது. அந்த விரல் அடுத்த குறிக்குச் செல்லும் வரை பொறுத்திருக்கவும் நாம் பழகவேண்டும். அன்று டம்ளரை நீட்டாமல் சற்றுப் பொறுத்திருந்தால், அவள் கண் சன்னலை நோக்கியதையாவது கண்டிருப்போம்.