தேசப் பாதுகாப்பு: காரணமா, திரையா?

திருப்பதி மாவட்டம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 ஆகஸ்ட் 27 அன்று ஜிசாட்-6 செயற்கைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது. மக்கள் பணத்தில் உருவான அதன் திறனில் 90 விழுக்காடு முதலில் ஒரு தனியார் நிறுவனத்திற்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த ஒப்பந்தம் ரத்தான வரலாறு இன்றைக்கும் பாடமாக நிற்கிறது.

2005 ஜனவரி 28 அன்று இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ், தொடங்கிச் சில வாரங்களே ஆன தேவாஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. ஏலம் ஏதுமின்றி, எஸ்-பேண்ட் அலைக்கற்றையில் 70 மெகாஹெர்ட்ஸ் அந்நிறுவனத்தின் பயன்பாட்டிற்கு ஒதுக்கப்பட்டது. செய்தி வெளியாகி எதிர்ப்பு வலுத்ததும், 2011 பிப்ரவரி 17 அன்று பாதுகாப்பிற்கான அமைச்சரவைக் குழு ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடிவெடுத்தது. ரத்து செய்தது சரியே. ஆனால், சொன்ன காரணம் என்ன? பொதுச்சொத்து மலிவாகக் கைமாறியது என்பதல்ல. நாட்டின் பாதுகாப்பு உள்ளிட்ட தேவைகளுக்கு அலைக்கற்றை வேண்டும் என்பதே. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களின் பொறுப்பை அந்த ஒற்றைச் சொல் மறைத்துவிட்டது.

அதன் விலை பெரிது. 2015 செப்டம்பரில் பன்னாட்டு நடுவர் மன்றம் 56.25 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மொரீஷியஸ் உடன்படிக்கையின் கீழ் வழக்காடிய முதலீட்டாளர்கள் தொடர்பாக, 2016இல் மற்றொரு தீர்ப்பாயம், அலைக்கற்றையில் 60 விழுக்காட்டை மட்டுமே பாதுகாப்புத் தேவை என ஏற்றது. எஞ்சிய 40 விழுக்காட்டிற்கு இந்தியா இழப்பீடு தர வேண்டும் என்றது. நிறுவனமே மோசடியாக உருவாக்கப்பட்டது என்பதை உச்சநீதிமன்றம் உறுதிசெய்து, அதைக் கலைக்கும் உத்தரவை நிலைநிறுத்தியது 2022 ஜனவரி 17 அன்றுதான். 2025 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இவ்வழக்கை அங்கே தொடர மீண்டும் வழிதிறந்தது. மோசடியை 2011லேயே முன்வைத்திருந்தால் நாட்டின் வாதம் வலுவான தரையில் நின்றிருக்கும்.

அன்று காங்கிரஸ் தலைமையிலான அரசு கைக்கொண்ட அதே கருவியை இன்றைய பாஜக அரசு மேலும் கூர்மையாக்கியிருக்கிறது. 2025 மே 15 அன்று, துருக்கியைச் சேர்ந்த செலெபி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதியை விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஒரே ஆணையில் பறித்தது. காரணம் தெரிவிக்கப்படவில்லை. ஆதாரங்கள் முத்திரையிட்ட உறையில் டெல்லி உயர்நீதிமன்றத்திடம் அளிக்கப்பட்டன. ஜூலை 7 அன்று நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது.

பன்னாட்டு நிறுவனத்திற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. நமது கேள்வி வேறு. விமான நிலையத் தரைப்பணி தேசப் பாதுகாப்பிற்கு அத்தனை முக்கியம் என்றால், அதைத் தனியார் மூலதனத்திடம் ஒப்படைத்தது ஏன்? பொதுத்துறையில் எஞ்சியுள்ள தரைப்பணி நிறுவனத்தையும் விற்பனைப் பட்டியலில் வைத்திருப்பது ஏன்? பல்லாயிரம் தொழிலாளர்களின் வேலை ஒரே நாளில் ஊசலாடியது. அவர்கள் புதிய நிறுவனங்களுக்கு மாற்றப்படுவர் என டெல்லி விமான நிலைய நிர்வாகம் அறிவித்தது. அது நிர்வாகத்தின் வாக்குறுதி; தொழிலாளியின் சட்ட உரிமையன்று.

இன்று அயல்நாட்டு நிறுவனத்தின் மீது பாயும் அதிகாரம் நாளை யார் மீதும் பாயும். மீடியாஒன் தொலைக்காட்சியின் குரல் இதே காரணத்தைச் சொல்லி ஒடுக்கப்பட்டதை மறக்க முடியாது. வெற்றுக் கூற்றாகத் தேசப் பாதுகாப்பை முன்னிறுத்திக் குடிமக்களின் உரிமைகளை மறுக்க முடியாது என 2023 ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் அவ்வழக்கில் தெளிவுபடுத்தியது. முத்திரையிட்ட உறை நடைமுறையையும் கண்டித்தது. ஆயினும் உறைகள் ஓயவில்லை.

ஒப்பந்தங்களை ரத்து செய்யும் அதிகாரம் இறையாண்மையுள்ள அரசிற்குத் தேவை. பொதுச்சொத்தை மீட்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. அதனாலேயே அது வெளிச்சத்தில் பயன்படுத்தப்பட வேண்டும். ரத்துக்கான காரணத்தின் சாரம் பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். இரகசியம் காக்க வேண்டிய பகுதியை நாடாளுமன்றக் குழுவேனும் ஆராய வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் விசாரிக்கப்பட வேண்டும். நிறுவனம் மாறினாலும் தொழிலாளியின் வேலையும் ஊதியமும் பணிமூப்பும் தொடரும் எனச் சட்டம் உறுதியளிக்க வேண்டும்.

தேசம் என்பது ஆட்சியாளர்களின் இரகசியக் கோப்பு அன்று. உழைக்கும் மக்களே தேசம். அவர்களிடம் காரணம் சொல்ல அஞ்சும் ஆட்சியின் கையில் கேள்விக்கு அப்பாற்பட்ட அதிகாரம் இருக்கலாகாது. இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்க மேடைகளுக்கும் மக்கள் மன்றத்திற்கும் கொண்டு செல்வது நமது கடமை.