கரண்ட் பிடித்தால் சவ்வு ஒட்டுமா?

"எலும்பையே கரண்ட் ஒட்டவைக்கிறது, சவ்வு எம்மாத்திரம்?" என்று கேட்கிறார் நண்பர். ஆரையம்பதியில் பந்தடித்துக் கால் பிரண்ட பெடியன்களைப் புக்கைக்கட்டிலிருந்து மீட்கும் அவசரம் அவருக்கு. நோக்கம் சரி, வாதம்தான் நொண்டுகிறது.

எலும்புக் கதை உண்மை. எலும்பை அழுத்தினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்று 1957இல் புகாடா, யசுதா என்ற இரு ஜப்பானியர் காட்டினார்கள். பொருந்தாத முறிவுகளுக்கு மின்கருவியை 1979இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் எலும்பு, இரத்தம் தாராளமாக ஓடும் திசு. முழங்காலுக்குள் இருக்கும் முன்குறுக்குச் சவ்வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அறுந்தால், மூட்டுத் திரவம் இரத்தக்கட்டைத் தங்கவிடாது. இரு முனைகளுக்கும் நடுவே பாலம் விழாது. சந்திக்காத முனைகளைக் கரண்ட் எப்படி ஒட்டும்? எலி, முயல்களில் வேறு சவ்வுகளுக்கு நம்பிக்கை தந்த ஆய்வுகள் உண்டு. முயல் பந்தடிப்பதில்லை.

கணுக்காலின் இருபுறமும் பட்டை ஒட்டிச் சுறுசுறுவென்று பிடிக்கிறார்களே, அந்த ‘டென்ஸ்’ (TENS) கருவி வலிச் செய்தியை மறிக்கிறது, அவ்வளவுதான். மெல்சாக், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கதவுக் கோட்பாட்டில் பிறந்த கருவி அது. வலி மறைந்ததைக் குணமென்று நம்பி மைதானத்துக்கு ஓடினால் கால் மறுபடி பிரளும்.

மின்தூண்டல் உண்மையில் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: சவ்வுச் சத்திரசிகிச்சைக்குப் பின் சூம்பும் தொடைத்தசை. அதைப் பற்றி நண்பர் வாய் திறக்கவில்லை. பிரண்ட காலுக்கு ஒற்றைக்காலில் நின்று பழகும் பயிற்சியையும் அவர் சொல்லவில்லை. அதற்குக் கட்டணமில்லை, கருவியுமில்லை.