நீதிபதியின் சமயம் எது?

சமயம் தொடர்பான வழக்கில் தீர்ப்பு வெளியான மறுநாள், எங்கள் ரெங்கம் பட்டணத்து ஒட்டுக்கடைகளில் நாளிதழை விரிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி 'தீர்ப்பில் என்ன சொல்லியிருக்கிறார்கள்?' என்பதன்று. 'நீதிபதி யார்? எந்த மதத்துக்காரர்?' என்பதே. பெயரைப் பார்த்ததும் பாதிப் பேர் தீர்ப்பைப் படித்து முடித்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ரெங்கத்தில் மட்டுமா? பட்டப்படிப்பு படிக்கும் நம் விடுதி அறைகளிலும் இதே கேள்விதான் முதலில் எழுகிறது. இந்தக் கேள்வி சரிதானா என்பதைச் சிந்திக்கவே இக்கட்டுரை.

நீதிபதியும் மனிதர்தாம். அவருக்கும் வழிபாடு உண்டு, குடும்பம் உண்டு, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலோ ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலோ அருகில் அமரும் அண்டை வீட்டார் உண்டு. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு வழங்கும் சமயச் சுதந்திரம் நமக்கு இருப்பது போலவே அவருக்கும் உண்டு. ஆனால், பதவியேற்கும் நாளில் அந்த அரசியலமைப்பைக் காப்பதாக அவர் உறுதிமொழி எடுக்கிறார். நம்பிக்கை ஒரு பக்கமும் உறுதிமொழி ஒரு பக்கமும் இழுக்கும்போது அவர் என்ன செய்வார்? நம் நாட்டில் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல.

ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கை அறியாத தமிழர் மலேசியாவில் இருக்க முடியாது. 2009ஆம் ஆண்டு அவருடைய கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். பின்னர், தாயின் ஒப்புதல் இன்றியே மூன்று பிள்ளைகளும் மதம் மாற்றப்பட்டனர். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தந்தை தம்முடன் கொண்டு சென்றார். 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை ஆணையர் லீ ஸ்வீ செங் அந்த மதமாற்றச் சான்றிதழ்களை இரத்து செய்தார். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் மாற்றியது. மதமாற்றம் செல்லுமா என்பது ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது என்று கூறியது. ஓர் இந்துத் தாய் ஷரியா நீதிமன்றத்தில் வழக்காட முடியாது என்பதுதான் இதில் இருந்த வேதனை.

இங்கேதான் நண்பர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வில் இருந்த மூவரும் முஸ்லிம்கள். அவர்களில் ஒருவரான நீதிபதி ஹமிட் சுல்தான் அபு பாக்கார் மற்ற இருவரிடமிருந்து மாறுபட்டுத் தாய்க்குச் சாதகமாக எழுதினார். மூவரும் ஒரே சமயத்தவர், ஆனால் தீர்ப்புகள் இரண்டு! பெயரைப் பார்த்துத் தீர்ப்பைக் கணிப்பவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள்?

2018 ஜனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர்களில் நால்வர் முஸ்லிம்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸைனுன் அலி. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ காப்பாளரோ முடிவு செய்வர் என்று கூறும் 12(4)ஆம் பிரிவு தாய், தந்தை இருவரின் ஒப்புதலையும் கோருகிறது என்று அவர் விளக்கினார். 1988இல் சேர்க்கப்பட்ட 121(1A) பிரிவைக் காட்டிச் சிவில் நீதிமன்றங்களின் மறுஆய்வு அதிகாரத்தைப் பறித்துவிட முடியாது என்றும் உறுதிப்படுத்தினார். அவர் தம் நம்பிக்கையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தாரா? இல்லை. அரசியலமைப்பின் கேள்விக்கு அரசியலமைப்பைக் கொண்டே விடை எழுதினார், அவ்வளவுதான்.

இதற்கு மறுப்பும் உண்டு. 2007 மே மாதம் லினா ஜோய் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று எனப் பிரிந்தது. அடையாள அட்டையிலிருந்து 'இஸ்லாம்' என்ற சொல்லை நீக்கக் கோரிய அந்தப் பெண்ணின் மனுவை நிராகரித்த இருவரும் முஸ்லிம்கள். மாறுபட்டு எழுதிய ரிச்சர்ட் மலாஞ்சும் முஸ்லிம் அல்லாதவர். 'பார்த்தாயா, சமயம்தானே பேசியது?' என்று ஒருவர் கேட்டால், அந்த ஐயத்தை அடிப்படையற்றது என்று நான் தள்ளமாட்டேன். வாழ்க்கை அனுபவம் ஒருவரின் பார்வையைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் உயர் நீதிமன்றங்களில் பல இனத்தவரும் பல சமயத்தவரும் இருப்பது அவசியம் என்கிறேன். ஆயினும், ஒரு வழக்கில் பொருந்திய கணக்கை எல்லா வழக்குக்கும் வாய்பாடாக்குவது அறிவுடைமை ஆகாது.

சமயக் கணக்கில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: மனச்சான்றின்படி எழுதும் நீதிபதி கொடுக்கும் விலை. தம்முடைய மாறுபட்ட தீர்ப்புக்காக உயர்பதவியில் இருந்த நீதிபதி ஒருவர் தம்மைக் கண்டித்தார் என ஹமிட் சுல்தான் 2018இல் பொதுமேடையில் கூறினார். நீதித்துறையில் தலையீடு நிகழ்வதாக 2019இல் சத்தியப் பிரமாணம் தாக்கல் செய்தார். 2021இல் நீதிபதிகளின் நெறிமுறைக் குழு அவரை ஆறு மாதங்களுக்கு இடைநீக்கம் செய்தது. அவர் கூற்றுகள் எவ்வளவு சரி என்பது வேறு விவாதம். 2024 பிப்ரவரியில், கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் பதினாறு விதிகள் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று எனத் தீர்ப்பளித்தது. அமர்வுக்குத் தலைமை தாங்கிய அன்றைய தலைமை நீதிபதி துங்கு மைமுன், கிளந்தானில் பிறந்த முஸ்லிம் பெண்மணி. கேள்வி இஸ்லாத்தைப் பற்றியது அல்ல, மாநிலச் சட்டமன்றத்தின் அதிகார எல்லையைப் பற்றியது என்று அவர் தெளிவுபடுத்தினார். அப்படியிருந்தும் அவர்மீது எத்தனை வசைகள்! பிறந்த மண்ணிலேயே அந்நியமாக்கப்படும் வலியை நாம் எண்ணிப் பார்த்தோமா?

தேர்ச் சக்கரத்தில் தன் மகனையே கிடத்திய மனுநீதிச் சோழனைத் தமிழ்ப்பள்ளியில் நாம் அனைவரும் படித்தோம். தீர விசாரியாமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியனையும் படித்தோம். வள்ளுவர் நடுவு நிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். இவற்றையெல்லாம் மேடையில் முழங்குகிற நாம், நமக்குச் சாதகமான தீர்ப்பு வந்தால் 'நீதி வென்றது' என்கிறோம். பாதகமாக வந்தால் 'அவன் அப்படித்தான் எழுதுவான்' என்கிறோம். நடுவு நிலைமை நீதிபதிக்கு மட்டும்தானா? நமக்கு வேண்டாமா?

சபரிமலை வழக்கை எண்ணிப் பாருங்கள். 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று எனப் பெண்களை அனுமதித்தபோது, அதற்கு மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி இந்து மல்ஹோத்ரா. அந்த அமர்வில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான். 'பெண் என்பதால் இப்படித்தான் எழுதுவார்' என்ற கணக்கு அங்கே தவிடுபொடியானது.

மேலும், நீதிபதியின் தலையில் இந்தச் சுமையை ஏற்றியவர்கள் யார்? 2017இல் திருமணச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்திற்கு வந்தது. ஒருதலைப்பட்சமாகப் பிள்ளைகளை மதம் மாற்றுவதைத் தடுக்கும் 88A விதி அதிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. மக்கள் பிரதிநிதிகள் அவிழ்க்கத் துணியாத முடிச்சு அடுத்த ஆண்டு ஐந்து நீதிபதிகளின் மேசைக்கு வந்தது. முடிச்சைப் போட்டவர்களை விட்டுவிட்டு, அதை அவிழ்க்க அமர்ந்தவரின் சமயத்தை ஆராய்கிறோம்! தீர்ப்புக்குப் பிறகும் அந்தத் தாய் தம் கடைக்குட்டிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. தீர்ப்பு எழுதுவது நீதிபதியின் கடமை. அதை நிறைவேற்றுவது அரசின், காவல்துறையின் கடமை. கேள்வி கேட்க வேண்டியவர்கள் யார் என்பது இப்போது விளங்கும்.

இடைநிலைப்பள்ளியில் சமயக் கல்விப் பாடவேளை வந்ததும் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரியும். முஸ்லிம் நண்பர்கள் ஒரு பக்கம், நன்னெறிக் கல்விக்கு நாங்கள் ஒரு பக்கம். மணி அடித்ததும் மீண்டும் ஒரே மேசையில் அமர்ந்து கணிதம் செய்வோம். விடை சரியா என்பதை யாருடைய சமயத்தையும் கேட்டு யாரும் முடிவு செய்ததில்லை. வழியைக் காட்டு என்றுதான் ஆசிரியர் கேட்பார். தீர்ப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நீதிபதி எந்த வழியில் முடிவுக்கு வந்தார்? எந்தச் சட்டப் பிரிவை எப்படிப் பொருள் கொண்டார்? எதிர்வாதத்திற்கு விடை சொன்னாரா? இவற்றை வைத்து அவரைக் கடுமையாக விமர்சிக்கலாம். அது குடிமகனின் உரிமை. பெயரை வைத்துத் திட்டுவது விமர்சனம் அல்ல.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இத்தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நூறு பக்கங்களுக்குக் குறையாமல் வருகின்றன. ரெங்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் தாய்க்கு அவை எட்டுவதில்லை. செவிவழிச் செய்தியும் பயமும்தான் எட்டுகின்றன. நம் பேரவையில் சட்டம் பயில்வோர் இருக்கிறார்கள், நல்ல தமிழ் எழுதுவோரும் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு தீர்ப்புகளையாவது எளிய தமிழில் சுருக்கி வெளியிடலாமே! முன்னாள் மாணவர்களான வழக்கறிஞர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தரலாமே! 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்தே இப்பணியைத் தொடங்குவோம்.