ஓடும் வண்டியும் நிற்கும் வண்டியும்



பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் அதைப் பற்றிப் பெருமையுடன் கூறும் சொல் ஒன்று உண்டு: "ஒரு நாளும் என்னைப் பாதி வழியில் விட்டதில்லை." நாமும் அவ்வாறே கூறி வந்தோம். நாம் ஓட்டிவரும் புல்லட் 1984-ஆம் ஆண்டில் பதிவானது. மூத்த குருவானவர் ஒருவர் ஓய்வு பெற்றபோது நம்மிடம் ஒப்படைத்துச் சென்றது. அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரெசரைப் பிடித்துச் சற்றே நகர்த்தி, பின் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் போதும். மழையாயினும் நள்ளிரவாயினும் கிளம்பிவிடும்.

இவ்வண்டியின் பிறப்பிடம் நம் தமிழகமே. இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் 1932-ஆம் ஆண்டு முதல் 'புல்லட்' என்ற பெயரில் வண்டிகள் செய்யப்பட்டன. பின்னர் 1955-இல் அந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிட்ச் ஆலை 1967-இல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் அதே வண்டி தொடர்ந்து உருவாகி வந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர், 346 சி.சி. கொள்ளளவு. எளிய அமைப்பாதலால் சிற்றூர் மெக்கானிக்கும் பழுது பார்க்க இயலும். இத்தனை வண்டிகள் இன்றும் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, நமக்கு நேர்ந்ததைக் கூறுவோம். நம் நாட்டுச் சட்டப்படி, சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியை ஆய்வுக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் அவ்வாறு புதுப்பிக்கச் சென்றோம். வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, ஒரே மிதியில் கிளப்பி, ஆய்வாளர் முன் நிறுத்தினோம். அவர் இன்ஜினின் ஒலியைக் கேட்டுப் புன்னகைத்தார். பின் முன்பிரேக்கின் கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். குனிந்து கேபிளின் நுனியைப் பார்த்தார். வண்டியை ஓட்டச் சொல்லி, நிறுத்தச் சொன்னார். "ஃபாதர், வண்டி நன்றாக ஓடுகிறது. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. சரிசெய்து கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

முதலில் சற்று வருத்தமே உண்டாயிற்று. மெக்கானிக்கிடம் சென்றபோதுதான் உண்மை விளங்கியது. முன்பிரேக் கேபிளின் உள்ளிழைகள் துருவேறி ஒவ்வொன்றாய் அறுந்து, மூன்று நான்கு இழைகளே எஞ்சியிருந்தன. பின்பிரேக்கின் லைனிங் முற்றிலும் தேய்ந்திருந்தது. அதைக் கண்ட கணத்தில் நம் நெஞ்சு திடுக்கிட்டது. ஏனெனில், அதற்கு முந்திய வாரந்தான் நம் உபதேசியார் தம் மகளைப் பின்னால் அமர்த்தி, அதே வண்டியில் தேர்வுக்கு அழைத்துச் சென்றிருந்தார். சாவியை அவர் கையில் கொடுத்து, "நம்பிப் போங்கள், இது ஒரு நாளும் ஏமாற்றாது" என்று அனுப்பியவர் நாமே! அவர்கள் நலமாகத் திரும்பியது நம் கவனத்தால் அன்று.

இக்குறை நம் கண்ணுக்குத் தப்பியது எங்ஙனம்? முதலாவதாக, லைனிங் தேயத் தேய நாம் திருகு மரையை இறுக்கிக்கொண்டே வந்தோம். மிதி சரியாகிவிட்டது, தேய்மானமோ மறைந்துகொண்டது. பிரேக்கை அழுத்தும்போது, சக்கரத்தருகே உள்ள நெம்புகோலும் அதை இழுக்கும் கம்பியும் செங்கோணத்தைத் தாண்டுமாயின், இனி இறுக்குவதில் பயனில்லை, லைனிங்கை மாற்ற வேண்டும் என்பது பொருள். இரண்டாவதாக, முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற அச்சத்தால் அதைத் தொடாமலே ஓட்டி வந்தோம். உண்மையில், வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்தின்மீது சாய்வதால், நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையதே. மூன்றாவது காரணமே முதன்மையானது: இன்ஜின் ஒரு நாளும் ஏமாற்றாததால், வண்டி முழுவதும் நலமாக உள்ளது என்று எண்ணிவிட்டோம். இன்ஜின் பழுதானால் வண்டி நின்றுவிடும். நாம் நடந்து வீடு சேர்வோம். பிரேக் பழுதானால் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும்!

திருவொற்றியூர் புல்லட்டுகள் 1977 முதல் இங்கிலாந்துக்கும் ஏற்றுமதியாயின. அங்கு 1960-இல் தொடங்கிய 'எம்.ஓ.டி.' என்னும் சோதனை உண்டு. வண்டி வாங்கி 3 ஆண்டுகள் ஆனபின், ஆண்டுதோறும் அதில் தேற வேண்டும். பிரேக், டயர், விளக்கு, ஹாரன், கைப்பிடித் தண்டு, சக்கரம், செயின், சட்டகம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். டயரின் வரி ஆழம் 1 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. ஆனால், இன்ஜினின் உட்பாகங்களும் கியர்ப் பெட்டியும் எந்நிலையில் உள்ளன என்று சோதிப்பதில்லை. வண்டி உங்களைக் கொண்டு சேர்க்குமா என்பது உங்கள் கவலை. பிறர்மேல் மோதாமல் நிற்குமா என்பதே சோதனையின் கவலை.

2005 முதலான அச்சோதனை முடிவுகளை அங்கு எவரும் கணினி வழியே பார்க்கலாம். தேறியது, தவறியது என்பதோடு, "செயின் தளர்ந்துள்ளது", "டயர் தேய்மானத்தை நெருங்குகிறது" போன்ற அறிவுரைக் குறிப்புகளும் அதில் இருக்கும். பழைய வண்டி வாங்குவோர் கூர்ந்து நோக்க வேண்டியவை இக்குறிப்புகளே. ஒருமுறை தவறி, உடனே பழுது நீக்கப்பட்டு மறுமுறை தேறிய வண்டி அஞ்சத்தக்கதன்று. ஒரே அறிவுரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்டிருப்பின், உடையவர் செவிசாய்க்கவில்லை என்பது பொருள்.

2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிதும் மாற்றியமைக்கப்படாத வண்டிகளுக்கு அங்கு இச்சோதனை கட்டாயமன்று. எனினும், வண்டியைச் சாலைக்குத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் கடமை உடையவரை விட்டு நீங்கவில்லை. சோதிப்பவர் இல்லாதபோது, பொறுப்பு முழுவதும் அவருடையதே அன்றோ?

நம் வண்டி லைனிங்கும் கேபிளும் மாற்றப்பட்டு மறுமுறை தேறியது; 2024-ஆம் ஆண்டிலும் தேறியது. ஆனால், சான்று என்பது அந்த ஒரு நாளைக்குரியது. மறுநாளே கேபிளில் ஓர் இழை அறுந்தால், 5 ஆண்டுகள் செல்லும் என்று எழுதிய தாள் அதைத் தடுக்குமோ? ஆகவே, இப்போது சனிக்கிழமைதோறும் கால்மணி நேரம் ஒதுக்குகிறோம். இரு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்துப் பார்க்கிறோம். கேபிள் நுனியை விரலால் தடவி, இழை முறிந்துள்ளதா என அறிகிறோம். டயரின் காற்று, ஆரக்கம்பிகள், செயினின் தளர்ச்சி, பின்விளக்கு ஆகியவற்றையும் பார்க்கிறோம்.

உங்கள் இல்லத்திலும் தந்தையோ பாட்டனாரோ விட்டுச்சென்ற பழைய வண்டி இருக்கலாம். அதைப் போற்றிக் காப்பது நன்றே. ஆனால், "நன்றாக ஓடுகிறது" என்று சாவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்குமுன், "நன்றாக நிற்கிறதா?" என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆய்வாளர் தரும் சான்று 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. மனச்சான்று தர வேண்டியதோ வண்டி எடுக்கும் ஒவ்வொரு நாளும்.