தொலைவின் விலை

விமானம் வந்தபின் உலகம் சுருங்கிவிட்டதென்று நாம் அடிக்கடி கூறிக்கொள்கின்றோம். அச்சுருக்கத்திற்கும் ஒரு விலை உண்டென்பதை எண்ணெய் விலை ஏறும்போதுதான் உணர்கின்றோம்.

2005-ஆம் ஆண்டில் தாய் ஏர்வேஸ் நிறுவனம் பாங்காக்கிலிருந்து நியூயார்க்கிற்கு எங்கும் நில்லாத விமானத்தை விடத் தொடங்கியது. பயணம் ஏறத்தாழ 17 மணி நேரம். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அம்மாதத் தொடக்கத்திலேயே அத்தடம் கைவிடப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை அடுத்த நூவர்க்கிற்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சேவையும் 2013 நவம்பரில் நின்றது. இரு தடங்களிலும் பறந்தவை நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் விமானங்களே.

நெடுந்தடங்கள் முதலில் வெட்டுப்படுவது ஏன்? மாட்டு வண்டிக்கு வழியில் வைக்கோல் வாங்கலாம். இடையில் இறங்காத விமானமோ கடைசி மணி நேரத்திற்கான எரிபொருளையும் புறப்படும்போதே சுமந்தாக வேண்டும். அச்சுமையைத் தூக்கவே மேலும் எரிபொருள் செலவாகின்றது. கட்டுச்சோற்றைச் சுமந்த களைப்பிலேயே அதில் ஒரு பங்கை உண்டுவிடும் வழிப்போக்கனின் நிலை அது!

நிறுவனங்கள் கணக்குப் பார்ப்பதை நாம் குறை கூறுவதற்கில்லை. நட்டத்தில் பறப்பது நெடுநாள் பறவாது. ஆனால் அக்கணக்கேட்டில் ஏறாத இழப்பு ஒன்றுண்டு. நேர் விமானம் நின்றால் வழியே அடைபடுவதில்லை. வேற்றூரில் இறங்கி, காத்திருந்து, மாறிச் செல்லலாம். எனினும், மொழி அறியாமல் தனியே செல்லும் முதியவளுக்கும், தந்தையின் இறுதிச் சடங்கிற்கு விரையும் மகனுக்கும் அந்தக் காத்திருப்பு சிறிய காரியமன்று.

2018 அக்டோபரில் சிங்கப்பூர்–நூவர்க் சேவை மீண்டும் தொடங்கியது. இம்முறை எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும், இரண்டே எஞ்சின் கொண்ட விமானம். இழந்த தடத்தை மனித அறிவு ஐந்தாண்டுகளில் மீட்டது. அவ்வைந்தாண்டுகளில் மூடிய கண்களை மீட்க எந்த எஞ்சினாலும் ஆகாது.

நம் குடும்பங்களிலும் கடல் கடந்து வாழும் பிள்ளைகள் உளர். “அடுத்த ஆண்டு வருகிறோம்” என்று சொல்லுமுன் அவர்கள் சற்றே சிந்திப்பது நலம். விமானம் நின்றால் வேறு விமானம் வரும். வாசலில் நின்று வழி பார்க்கும் தாய்க்கு வேறு யார் ஈடு?