திறமை விளையாட்டாம்... யாரோட திறமை?

மக்களே, இன்னைக்கு ஒரு சண்டை போட்டே ஆகணும். நம்ம கிளாஸ்ல ஒரு கோஷ்டி திரியுது. "போக்கர் சூதாட்டம் இல்ல மாப்ள, திறமை விளையாட்டு. கோர்ட்டே சொல்லிருச்சு!" இதுதான் அவர்கள் வாதம்.

கோர்ட் சொன்னது நிஜம்தான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்றது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்றுவிட்டது. சட்டத்தை விடுங்க, எங்கிருந்தாவது ஒரு வெளிநாட்டு லிங்க் வந்துகொண்டுதான் இருக்கும். என் கேள்வி வேறு. திறமை விளையாட்டுன்னா, யாரோட திறமை?

நம்மாளுங்களுக்குப் பிடித்தது ஹெட்ஸ்-அப். ஒத்தைக்கு ஒத்தை, லிமிட் கிடையாது. "ஒரே ஆள்தானே, மிரட்டினா ஓடிருவான்!" சரி, கணக்குக்கு வருவோம். நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது, கடைசிச் சீட்டும் திறந்தாச்சு. கையில் ஒன்றுமில்லாமல் 100 வைத்து மிரட்டுகிறீர்கள். பாதித் தடவையாவது அவன் விட்டுக்கொடுத்தால்தான் உங்களுக்குக் கட்டுப்படியாகும். அவனோ 100 போட்டு 200 எடுக்கப் பார்க்கிறான், மூன்றில் ஒருமுறை ஜெயித்தாலே நஷ்டமில்லை. ஆக, நீங்கள் 100 வைக்கும் மூன்று தடவையில் இரண்டு நிஜம், ஒன்று பொய் என்று இருக்கணும். 50 வைத்தால் நாலில் ஒன்றுதான் பொய். பொய் கூடினால் மாட்டுவீர்கள். குறைந்தால் நல்ல சீட்டுக்கும் காசு வராது.

ராத்திரி 2 மணிக்கு, 800 ரூபாய் விட்ட கடுப்பில், இந்த விகிதத்தைக் காப்பாத்துவீங்களா?

காப்பாத்துகிற ஆள் ஒருத்தன் இருக்கான், மனுஷன் இல்லை. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற புரோகிராம், இதே ஆட்டத்தில் உலகத்தரமான நாலு பேரோடு 1,20,000 கை ஆடியது. அதிர்ஷ்டம் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, ஒரு அறையில் மனுஷனுக்கு வந்த சீட்டை இன்னொரு அறையில் புரோகிராமுக்குக் கொடுத்தார்கள். அப்படியும் 17 லட்சத்துக்கு மேல் சிப்ஸ் வித்தியாசத்தில் நாலு பேரும் தோற்றார்கள். திறமை விளையாட்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? ஆனா அந்தச் சாட்சி உங்க பக்கம் பேசலையே! ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் இருப்பது யாரு, எதுன்னு தெரியுமா?

ரெண்டு பேரும் சமம் என்றே வைப்போம். பி.காம். படிக்கிறோமே, லாப நஷ்டக் கணக்கு போடுங்க. ஆளுக்கு 1000 ரூபாய். 100 ரூபாய் சேரும் ஒவ்வொரு கையிலும் நடத்துபவன் 5 எடுப்பதாகக் கொள்வோம். 200 கை முடிந்தால் 1000 ரூபாய் காலி. மேசையில் இருந்ததில் பாதி! இதில் யார் திறமைசாலி?

நம்ம போடி ஏலக்காய் ஏலத்திலும் ஏலம் நடத்துபவருக்குக் கமிஷன் உண்டு. ஆனா அங்கே வியாபாரி சாம்பிள் காயைக் கையில் உருட்டிப் பார்த்துத்தான் விலை கேட்கிறார். கட்டுப்படியாகலைன்னா பைசா செலவில்லாமல் விட்டுவிடலாம். கேட்ட விலைக்குச் சரக்கும் வருது. இங்கே என்ன வருது?

நம்மில் பாதிப்பேர் ஃபீஸ், விடியக்காலை ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறிப்போய்க் காய் எடுக்கிற அம்மாவோட கூலி. அதை வைத்துத்தான் ஒருத்தனை மிரட்டணுமா?

திறமைதான் முக்கியம்னு சொல்றவங்களுக்கு ஒரு சவால். காசை எடுத்துட்டுப் புளியங்கொட்டை வைத்து ஆடுங்க. அதே சீட்டு, அதே கணக்கு, அதே பொய். நானும் வர்றேன். "அதுல என்னடா கிக்கு"ன்னு கேட்டீங்கன்னா, திறமைப் பேச்சை அத்தோட விட்ருங்க.