கடன் வாங்கிக் களைப்பாறலாமா?



மருதமடு அன்னையின் ஓகஸ்ட் 15 திருவிழா நெருங்கும் நாள்களில், லுணுகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரே பேச்சுத்தான். வேன் பேசியாயிற்றா, எத்தனை பேர் வருகிறார்கள், தலைக்கு எவ்வளவு விழும் என்று லயத்துக்கு லயம் விசாரிப்பு நடக்கிறது. கொழும்பில் கடை வேலைக்குப் போன மகன் விடுப்பெடுத்து வருகிறான். மடுவில் இரண்டு நாள் தங்கிவிட்டு, திரும்பும் வழியில் திருகோணமலைக் கடலையும் பார்த்து வரலாம் என்று பிள்ளைகள் திட்டமிடுகிறார்கள். 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபின், வேளாங்கண்ணியும் எட்டிவிடும் தூரமாகவே சிலருக்குத் தோன்றுகிறது. திருயாத்திரையும் உல்லாசப் பயணமும் கலந்த இந்தச் சில நாள்களே பல குடும்பங்களுக்கு ஆண்டின் ஒரே விடுமுறை.

ஆனால் அதே பேச்சு அடுப்படிக்கு வரும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. அங்கே தாய் வேறொரு கணக்குப் பார்க்கிறாள். காதணி ஏற்கெனவே அடகில் இருக்கிறது. முச்சக்கர வண்டிக்கு லீசிங் தவணை கட்ட வேண்டும். வாரந்தோறும் குழுக்கடனுக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும். கடைக்காரரின் கொப்பியில் பாக்கி ஏறியிருக்கிறது. இந்த நிலையில் இன்னொரு கடன் வாங்கிப் பயணம் போகலாமா? அன்னையிடம் போவதற்குக் கணக்குப் பார்ப்பது பக்திக் குறைவு என்ற எண்ணத்தால், இக்கேள்வியை நம் குடும்பங்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதனாலேயே இன்று அதைப் பேச விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பணக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. ஓய்வுநாள் கட்டளையைத் தந்த இறைவன் அடிமைக்கும் அந்நியனுக்கும் உழைக்கும் மாட்டுக்கும்கூட அதில் பங்கு வைத்தார். பணி முடித்துக் களைத்து வந்த சீடரைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறுமாறு அழைத்தவர் நம் ஆண்டவர். ஆண்டு முழுவதும் சரிவிலே கூடை சுமந்து நிற்கும் ஒரு பெண், நான்கு நாள் அந்த மலையை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு சிரித்திருக்க விரும்புவதை யார் குறை சொல்ல முடியும்? ஆகவே, ‘ஏழைக்கு எதற்குப் பயணம்?’ என்று கேட்பவர்களோடு நான் சேரமாட்டேன். என் கேள்வி வேறு. கடன் வாங்கிப் போகும் பயணத்தில் நமக்கு உண்மையில் ஓய்வு கிடைக்கிறதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் பயணத்துக்காக 60,000 ரூபாவை மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியில், 12 மாதத் தவணைக்கு வாங்குகிறது என்று வையுங்கள். முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி உண்டு என்றால், மாத வட்டி 1,800 ரூபா. ஆண்டுக்கு 21,600. முதலும் வட்டியுமாகக் கட்டுவது 81,600 ரூபா. இதை 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். பிடித்தங்கள் எதையும் கழிக்காமலே 60 நாள் உழைப்பு வருகிறது. அதில் 16 நாள் வட்டிக்கு மட்டும். பின்னர் வந்த சம்பள உயர்வைச் சேர்த்தால் நாள்கள் சற்றுக் குறையும். கணக்கு சொல்லும் பாடம் மாறாது. நான்கு நாள் இளைப்பாறுவதற்காக அறுபது நாளை விற்றுவிடுகிறோம்.

அந்த அறுபது நாளும் எப்போது வருகின்றன என்பதையும் பாருங்கள். ஆடியும் ஆவணியும் ஊவாவில் காய்ந்த காற்று வீசும் காலம். நம் தேயிலையின் மணத்துக்கு உலகப் பெயர் தேடித் தருகிற அதே வறட்சி, செடியில் கொழுந்தைக் குறைத்துவிடுகிறது. கொழுந்து குறைந்தால் கிலோவுக்கேற்பக் கிடைக்கும் மேலதிகக் காசும் குறையும். ஆனால் தவணை குறைவதில்லை. மார்கழியில் கிறிஸ்து பிறப்புச் செலவு. தையில் பாடசாலைக் கொப்பியும் சப்பாத்தும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியொரு நாள் வரும்போது, கையிருப்பு உள்ள குடும்பம் தடுமாறினாலும் எழுந்துவிடும். கடன்மேல் கடன் வைத்திருக்கும் குடும்பம் எழுவதற்கு மீண்டும் கடன்காரரிடமே போகவேண்டும்.

கடன் நம் மக்களுக்குப் புதிதன்று. தலைமன்னாரில் கரையேறிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்து வந்த நம் முன்னோர், முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்பே கங்காணியிடம் கடன்பட்டிருந்தார்கள். தோட்டம் மாற விரும்பிய தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டினால்தான் பழைய தோட்டம் அவனை விடும். கட்டிய தொகையோ புதிய தோட்டத்திலும் அவன் தலையிலேயே ஏறும். அம்முறையை ஒழிக்க 1921ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் கிழித்துப்போட்ட துண்டை, நுண்கடன் அட்டையின் உருவில் நாமாகவே திரும்பக் கையில் எடுக்கலாமா?

குற்றம் முழுவதையும் கடன்பட்டவர்மேல் சுமத்துவதும் நீதியன்று. ஐக்கிய நாடுகள் சபையின் கடன் விவகார நிபுணர் 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்தபோது, நுண்கடனின் வட்டி சில இடங்களில் ஆண்டுக்கு 220 விழுக்காடு வரை போவதாக எடுத்துரைத்தார். 2025 யூபிலி ஆண்டை அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், திருப்பிச் செலுத்த இயலாத ஏழை நாடுகளின் கடனை மன்னிக்குமாறு செல்வந்த நாடுகளைக் கேட்டுக்கொண்டார். நாடுகளுக்குச் சொன்ன அந்த அறிவுரை லயங்களுக்கும் பொருந்தும். நம் பங்கிலேயே வட்டிக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் பக்கத்தில் நிற்பவரின் வறுமையிலிருந்து நமக்கு வரும் வட்டி எத்தகையது என்று அவர்கள் தங்கள் மனச்சாட்சியைக் கேட்கட்டும்.

இனி நேர்ச்சைக்கு வருவோம். “பிள்ளைக்குச் சுகமானால் மடுவுக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன், சுவாமி. போகாவிட்டால் மாதா கோபிப்பாரே!” என்று தாய்மார் கலங்குகிறார்கள். இந்தப் பயத்தினால் வாங்கிய கடன்கள் பல. தாய்மாரே, அஞ்ச வேண்டாம். கடவுளுக்குக் கொடுத்த வாக்கு பெரியதுதான். அதை எளிதாக எண்ணலாகாது. ஆனால் அந்த வாக்கு ஒரு குடும்பத்தை நசுக்கத் திருச்சபை விடுவதில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் எண் 1196, நியாயமான காரணம் இருந்தால் நேர்ச்சைக் கடமையிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தைப் பங்குத் தந்தைக்கும் தருகிறது. எண் 1197இன்படி, தாம் செய்த தனிப்பட்ட நேர்ச்சையை அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக மாற்றிக்கொள்ளும் உரிமை நேர்ந்தவருக்கே உண்டு. பங்குத் தந்தையிடம் சென்று நிலைமையைச் சொல்லுங்கள். குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கச் சென்ற மரியாவும் யோசேப்பும், ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளுக்குச் சட்டம் அனுமதித்த காணிக்கையோடுதான் சென்றார்கள். ஆட்டுக்குட்டிக்காக அவர்கள் கடன் வாங்கியதாக நற்செய்தி சொல்லவில்லை. அந்தத் தாயா உங்கள் காதணி அடகிலிருப்பதைக் கண்டும் வேன் பிடித்து வரச் சொல்வார்?

அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசித்துப் பாருங்கள். கணவனை இழந்த பெண் ஒருத்தி இறைவாக்கினர் எலிசாவிடம் அழுதுகொண்டு வருகிறாள். கடன்காரன் அவளுடைய இரு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக நிற்கிறான். எலிசா அவளிடம், உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். இருந்தது கொஞ்சம் எண்ணெய். அது பெருகிப் பாத்திரங்கள் நிறைந்தபின்பும் இறையடியார் விருந்து வைக்கச் சொல்லவில்லை. எண்ணெயை விற்றுக் கடனை அடைக்கவும், எஞ்சியதைக் கொண்டு பிள்ளைகளோடு வாழவும் சொன்னார். புதுமை நடந்த வீட்டிலும் கடனுக்கே முதலிடம்.

அப்படியானால் பயணமே வேண்டாமா? வேண்டும். அதற்கும் இறைவார்த்தையிலே வழி இருக்கிறது. இணைச்சட்ட நூலின் 14ஆம் அதிகாரம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தொலைவில் இருப்பவர் அதைப் பணமாக்கிக் கையில் முடிந்துகொண்டு திருத்தலத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. அங்கே மனம் விரும்பியதை வாங்கி, வீட்டார் அனைவரோடும் உண்டு மகிழச் சொல்கிறது. இறைவன் விழாவுக்குச் செலவழிப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் கடந்த மாதங்களின் உழைப்பிலிருந்து வருகிறது. வரப்போகும் மாதங்களிலிருந்து பிடுங்கப்படுவதில்லை.

மேலே பார்த்த கணக்கையே திருப்பிப் போடுங்கள். மாதம் 5,000 ரூபா ஒதுக்கினால் 12 மாதத்தில் அதே 60,000 ரூபா சேரும். கடனாக வாங்கியிருந்தால் மாதம் 6,800 ரூபா கட்டியிருப்பீர்கள். பழைய கடன் இருப்பவர்கள் முதலில் வட்டி கூடியதை அடைக்கட்டும். அது முடிந்ததும் அந்தத் தவணைப் பணமே பயண உண்டியலுக்குப் போகட்டும். ஐயாயிரம் முடியாதவர்கள் ஆயிரத்தில் தொடங்கட்டும். பயணம் ஓர் ஆண்டு தள்ளிப் போகும், அவ்வளவுதான். பண்டிகை முற்பணமும் கடனே என்பதையும், மாதந்தோறும் சம்பளத்தில் கழிபடும் என்பதையும் மறவாதீர்கள்.

அதுவரை, எலிசா கேட்ட கேள்வியை நம் மலையிடம் கேட்போம். நம்மிடம் என்ன இருக்கிறது? உலகெங்குமிருந்து மக்கள் பணம் செலவழித்துக் காண வரும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. துன்ஹிந்த நீர்வீழ்ச்சி பதுளைக்கு அருகிலேயே இருக்கிறது. அப்புத்தளையில் பெனடிக்ட் சபைத் துறவிகள் வாழும் அடிசம் இல்லம் இருக்கிறது. வீட்டில் சமைத்த சோற்றைக் கட்டிக்கொண்டு, பேருந்தில் போய், செபமாலை சொல்லி, மாலையில் திரும்பலாம்.

இந்த ஆண்டு மடு இல்லை என்றால் பிள்ளைகளிடம் காரணத்தை மறைக்காதீர்கள். கணக்கை அவர்கள் முன் வைத்து, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பேசி எடுத்த முடிவு என்று சொல்லுங்கள். பிள்ளைகள் வருந்துவார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள். உண்டியலில் முதல் பத்து ரூபாவை அவர்கள் கையாலேயே போடச் செய்யுங்கள். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ மருதமடுக் காட்டில் கூடாரம் அடித்துச் சோறு பொங்கும்போது, வீட்டுக்குத் திரும்பப் பயமில்லாத மனத்தோடு அன்னையின் முன் மண்டியிடுவீர்கள். அந்த நிம்மதியை ஆண்டவர் உங்கள் இல்லங்கள் ஒவ்வொன்றுக்கும் அருள்வாராக.